பேற்றறைக்கு ஓர் உடை

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. 2024-ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பையை மதுரை வீட்டுக் கூடத்தின் நடுவே வைத்து நாங்கள் சுற்றி அமர்ந்திருந்தோம். நாங்கள் என்பது சகோதரிகள் இருவர். மூத்தவளின் மகள்தான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். இளையவள் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். இதை எழுதும் கை அவளுடையது. ஆயினும் சொல்லவந்த செய்தி இருவருக்கும் பொதுவானது என்பதால் நாங்கள் என்றே எழுதுகிறோம். 74 வயதான எங்கள் அம்மா சுவரோரம் கால் நீட்டி அமர்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

பையில் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. குழந்தைக்கு அணையாடைகள், நாடா வைத்த சட்டைகள், தொப்பி, காலுறை, கொசுவலை. பார்க்க வரும் உறவினருக்குக் காப்பி கொடுக்க பிளாஸ்க்கும் எவர்சில்வர் தம்ளர்களும். வீடு திரும்பும் நாளில் உடுத்திக்கொள்ள அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்று, அதற்கேற்ற இரவிக்கையுடன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பெண் கேட்டாள்: “எல்லாம் சரி சித்தி. வலி எடுத்து உள்ள இருக்கும்போது நான் எதைப் போட்டுக்கிறது?”

எங்கள் இருவரிடமும் விடை இல்லை. குழந்தையின் உடை, விருந்தினர் முன் நிற்கும் உடை ஆகிய இரண்டையும் மாதக்கணக்கில் யோசித்திருக்கிறோம். இடைப்பட்ட அந்த நெடும்பொழுதில் ஒரு பெண்ணின் உடம்பின்மீது என்ன இருக்கவேண்டும் என்பதை யோசித்ததே இல்லை. யோசிக்க மறந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று பிறகு தோன்றியது. அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெறும் தாய்மாருக்கு வழங்கவென்று தமிழக அரசு 2015-இல் ஒரு பரிசுப் பெட்டகத் திட்டத்தைத் தொடங்கியது. குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, கிலுகிலுப்பை என்று 16 பொருள்கள் அதில் வைக்கப்பட்டன. தாயின் பங்காக சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன. நல்ல திட்டம்தான், குறைசொல்ல வரவில்லை. ஆனால் அங்கும் பேறு என்பது குழந்தை வந்த பிறகுதான் தொடங்குகிறது.

இலக்கியமும் பெரும்பாலும் அப்படித்தான். நற்றிணையின் 40-ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இளையவளுக்கு அது ஓர் ஓவியமாகவே தெரியும். காவலுள்ள வீட்டில் மணி ஒலிக்கிறது. முற்றத்தில் மணல் பரப்பியிருக்கிறது. செவிலியருகே புதல்வன் துயில்கிறான். வெண்சிறுகடுகு அப்பி நெய்யாடிய தலைவி இமை மூடிக் கிடக்கிறாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப்போல் உள்ளே வருகிறான். அழகு குறையாத பாட்டு. ஆனால் கவிஞர் உள்ளே நுழையும்போது எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய யாமங்களில் அவள் எதைப் பற்றிக்கொண்டு கிடந்தாள், எதை உடுத்திருந்தாள் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கதவுக்கு வெளியேதான் பாட்டும் உரையும் காத்து நின்றிருக்கின்றன.

பெண்ணின் கேள்விக்கு மூத்தவள் முதலில் சொன்ன விடை, “புது நைட்டி நாலு வாங்கிடுவோம்” என்பது. அம்மா தலையசைத்து மறுத்தார். “நைட்டியா? சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் வந்து நிப்பாங்க. நல்லதா ஒரு சேலை கட்டிக்கிட்டுப் போனாத்தான மரியாதை.”

அப்போதுதான் மூத்தவள் அதைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அணையாடை ஒன்றை மடித்துக்கொண்டே சொன்னாள்.

1998-இல் இதே பெண்ணைப் பெறுவதற்காக அவள் மருத்துவமனைக்குப் போனபோது, வலி தொடங்கியிருந்த அவளுக்கு அம்மா புதுச்சேலை ஒன்றைக் கட்டிவிட்டார். மாம்பழ நிறம், இலைப்பச்சைக் கரை. வழவழப்பான செயற்கை இழைத் துணி. அன்று அதுதான் வீட்டில் உயர்ந்த சேலை. பேற்றறை வாயிலிலேயே ஆயா அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். இறுகிய கொக்கி வைத்த இரவிக்கையும் மார்புவரை ஏற்றிக் கட்டிய உள்பாவாடையுமாக ஒன்பது மணி நேரம். கதவு சாத்தப்படவில்லை. யார் யாரோ கடந்து போனார்கள். குழந்தை பிறந்த பிறகு ஸ்டிரெச்சரில் கிடத்தி, அந்தச் சேலையை மேலே போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாழ்வாரத்தில் அப்பாவும் மாமாவும் சம்பந்தி வீட்டாரும் நின்றிருந்தார்கள். வழுக்கும் துணி நிற்கவில்லை; ஒரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்தது. ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி. மறு கையைத் தூக்கும் வலு இல்லை. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவர் திருப்பிக்கிட்டது நல்ல மனசுலதான். ஆனா அந்தத் திருப்பினதுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. எல்லாரும் பிள்ளையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் மேல ஓடுற ஃபேனையே பாத்துக்கிட்டு வந்தேன்.”

26 ஆண்டுகளாக அவள் இதை எவரிடமும் சொன்னதில்லை. ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள், இளையவளிடம்கூடச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “சொல்ற அளவுக்கு அது ஒரு விஷயமான்னு நினைச்சேன்” என்றாள்.

அதைக் கேட்டபிறகு இளையவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. 2005-இல் ஒரு தனியார் மருத்துவமனை. கையோடு கொண்டுபோன பருத்தி நைட்டி மறுக்கப்பட்டது, விதி என்றார்கள். கொடுத்த பச்சைக் கவுனுக்குப் பின்பக்கம் நாடாக்கள். மூன்றில் ஒன்று அறுந்திருந்தது. நடந்தால் வலி தாங்க எளிதாக இருக்கும் என்று அவளை நடக்கச் சொன்னார்கள். ஒரு கையால் முதுகுப்புறத் துணியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டும் மறு கையில் டிரிப்ஸ் குழாயைக் காத்துக்கொண்டும் அவள் நடந்தாள். இடுப்பு நெரியும் வலி வரும்போது சுவரைப் பற்ற ஒரு கை வேண்டியிருந்தது. எந்தக் கையை விடுவது? ஊக்கு ஒன்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, இரக்கமுள்ள செவிலி ஒருவர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். இதை அவள் பல ஆண்டுகளாகத் தோழிகளிடம் நகைச்சுவையாகவே சொல்லிவந்திருக்கிறாள். அன்றைக்கு எங்கள் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. அவற்றுள் ஒன்று இளிவரல். அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கின் நிலைக்களனாகத் தோன்றும் என்பது இலக்கணம். முதல் மூன்றையும் மாணவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள். மென்மையிலிருந்து எப்படி இளிவரல் பிறக்கும் என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பார். வலிமை குன்றி எளிமைப்பட்டு நிற்கும் நிலை என்று நாங்களும் ஆண்டுதோறும் விளக்குவோம். வழுக்கிய சேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளக் கை எழாத அந்த நிலைதான் அதற்கு உரிய எடுத்துக்காட்டு என்பது இத்தனை ஆண்டுகள் கழித்து விளங்கியது.

மூத்தவள் பேசி முடித்தபோது அம்மா வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டிருந்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஆத்தா” என்றார். “உன் தப்பு இல்லம்மா” என்றாள் மூத்தவள். அம்மா மறுமொழி சொல்லவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனார். தகரப்பெட்டி திறக்கும் ஓசை கேட்டது.

திரும்பி வந்தவர் கையில் மூன்று சுங்குடிச் சேலைகள் இருந்தன. பல ஆண்டுகள் உடுத்தித் துவைத்து நிறம் மங்கியவை. மாந்தளிர் வண்ணத்தில் ஒன்று, கருநீலம் ஒன்று, வெங்காயத் தோல் நிறம் ஒன்று. சுங்குடியை அறிந்தவர்களுக்கு அந்தத் துணி தெரியும். நூலால் முடிந்து சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்க்கும்போது தோன்றும் புள்ளிகள். புதிதாயிருக்கையில் கஞ்சி விறைப்பு. பின்பு ஒவ்வொரு துவைப்பிலும் இழை தளர்ந்து தளர்ந்து, ஒரு கட்டத்தில் தோலோடு தோலாகிவிடும்.

“எனக்கு உங்க ரெண்டு பேரையும் பெத்தப்ப எங்கம்மாவோட பழைய சேலைதான். கட்டல, சும்மா சுத்திக்கிட்டேன். நம்ம வீட்டு உள்ள, நம்ம ஆளுக நடுவுல. வெக்கமே தெரியல” என்றார் அம்மா. மேலூருக்கு அருகே ஒரு சிற்றூரில், 1973-லும் 1978-லும், மருத்துவச்சி கைபார்த்த பேறுகள் அவை.

பழைமையைப் போற்றிப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. வீட்டுப் பேறுகளில் மாண்ட தாய்மாரும் சேய்களும் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அம்மாவின் தங்கை ஒருத்தி அப்படிப் போனவள். அந்தச் சுகமான பழந்துணிக்குப் பின்னால் வேறொரு கணக்கும் இருந்தது. பேற்றுத் துணிகளைத் துவைக்க வண்ணார்குலப் பெண் ஒருவர் வருவார். பின்வாசலோடு நின்று, வீட்டார் எவரும் தொடாத மூட்டையை எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு நெல் அளந்தார்கள். திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. ஒருத்தி வெட்கமின்றிக் கிடக்க இன்னொருத்தி இழிவைச் சுமந்தாள். அவர் பெயரை அம்மாவிடம் கேட்டோம். அம்மாவுக்கு நினைவில்லை. அதையும் இங்கே எழுதி வைப்பதே முறை.

சேலைகளை என்ன செய்வது என்று கூடிப் பேசினோம். உடையின் அமைப்பைத் தீர்மானித்தவள் பெண்தான். மருத்துவரிடம் கேட்டு, படித்து, தன் உடம்பையும் கேட்டு அவள் சொன்னவை இவை. முன்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை திறக்கவேண்டும். பிறந்தவுடன் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகக் கிடத்தவும் பால் கொடுக்கவும் அதுவே எளிது. வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கும் அது உதவும். தலைவழியாகக் கழற்றும் உடை கூடாது. கையில் ஊசி ஏறிய பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. கையின் மேற்பகுதிவரை சுருட்டிவிடக்கூடிய அகன்ற கை வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்கு அது தேவை. நீளம் கெண்டைக்கால் வரை போதும். நடக்கையில் காலில் சிக்கக்கூடாது. இடுப்பில் நாடாவோ இறுக்கமோ வேண்டாம். ஊக்கு, கொக்கி, சரிகை எதுவும் கூடாது. கறை தெரியாத அடர்நிறமானால் நல்லது. கறையைப் பார்த்து அஞ்சவும் கூசவும் வேண்டியதில்லை. பனிக்குடம் உடைந்தால் நனையும், ஆகவே ஒன்று போதாது.

இவ்வளவையும் கேட்ட எங்கள் தெருத் தையற்காரர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இத்துப்போச்சும்மா. தையல் பிடிச்சா கிழிஞ்சிரும்.” பிறகு அவரே வழி சொன்னார். தோளிலும் முன்பட்டியிலும் துணியை இரண்டாக மடித்து வைத்துத் தைத்தார். கொக்கிக்குப் பதில் துணி நாடாக்கள். இரண்டு தோள்களிலும் திறந்து மூட டிச்பட்டன். சேலைக்கு ஒன்றாக மூன்று உடைகள் ஆயின. யாருக்கு, எதற்கு என்று தெரிந்ததும் கூலியைக் குறைத்து வாங்கிக்கொண்டு, “தாய்மாமன் சீர்னு வச்சுக்கங்க” என்றார். மீந்த துணியில் அகலமான போர்வை ஒன்றை மூத்தவள் தன் கையாலேயே ஒட்டுப்போட்டுத் தைத்தாள். எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, தூய துணிப்பை ஒன்றில் தனியே கட்டி வைத்தோம்.

குறுந்தொகையின் 85-ஆம் பாட்டில் ஒரு சேவற்குருவி வருகிறது. சூல் முதிர்ந்த தன் பேடை முட்டையிடுவதற்கு இடம் அமைக்க, கரும்பின் வெண்பூவைக் கோதி எடுக்கிறது. அந்த இடத்துக்கு அங்கே ஈனில் என்று பெயர். ஈனுவதற்கென்று ஒரு இல். அந்தப் பூவுக்கு மணமில்லை என்பதையும் புலவர் மறக்காமல் சொல்கிறார். பல காலம் அது வெறும் இயற்கைக் குறிப்பென்றே எண்ணியிருந்தோம். கரும்பு பூத்த வயலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தப் பூ பஞ்சுபோல மெத்தென்றது. ஊரில் மணக்கும் பூக்கள் எத்தனையோ இருக்க, காட்சிக்கும் மணத்துக்கும் உதவாத ஒன்றைக் குருவி தேர்கிறது. பேடையின் உடம்புக்கு எது இதமோ அதை மட்டுமே அது பார்க்கிறது. பார்க்க வருகிற குருவிகள் என்ன நினைக்கும் என்று பார்ப்பதில்லை. சேலைகள் தைக்கப்பட்டு வந்த அன்று மாலை இதைச் சொன்னபோது பெண் சிரித்தாள். “அம்மாச்சி, குருவிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே” என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டார்.

மென்மை என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் இருப்பதை அப்போது உணர்ந்தோம். இளிவரலுக்குக் காரணமாகும் மென்மை ஒன்று. அதைப் பொதிந்து காக்கும் மென்மை மற்றொன்று. முன்னதைத் தவிர்க்க வழியில்லை. பேறு என்பதே உடம்பு தன் கட்டுக்காவலைத் தளர்த்தும் நேரம். பின்னதைத் தருவது சுற்றியிருப்போர் கையில் உள்ளது.

மருத்துவம் இதை அறியாததன்று. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பேறுகாலப் பரிந்துரைகள் 56-இல், பெண்ணின் மாண்பையும் மறைவையும் காப்பதும், அவள் விரும்பும் துணை ஒருவர் உடனிருப்பதும், இடர் இல்லாதபோது எழுந்து நடமாட ஊக்குவதும் இடம்பெற்றிருக்கின்றன. இந்திய அரசு 2017 இறுதியில் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் அரசு மருத்துவமனைப் பேற்றறைகளில் கண்ணியமான பராமரிப்பை ஒரு குறிக்கோளாகவே வைத்தது. இவையெல்லாம் தாளிலிருந்து ஒரு பெண்ணின் தோளுக்கு இறங்கிவர, யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்கவேண்டியிருக்கிறது.

புரட்டாசியில் ஒரு நள்ளிரவுக்குப் பின் பனிக்குடம் உடைந்தது. மாந்தளிர் வண்ண உடை வழியிலேயே நனைந்துபோக, மருத்துவமனையில் கருநீலத்துக்கு மாற்றினோம். பேற்றறை வாயிலில் செவிலி ஒருவர் மடித்த பச்சைக் கவுனை நீட்டினார். இளையவள் பழக்கதோஷத்தில் கை நீட்டி வாங்கிவிட்டாள். கல்லூரியில் நாள்தோறும் அறுபது பேர் முன் பேசுகிறவள் அவள், பேசியவள் மூத்தவள்.

“சிஸ்டர், அவ போட்டிருக்கிறது சுத்தமான பருத்தி. வெந்நீர்ல அலசினது. முன்னாடி முழுசாத் திறக்கும், தோள்லயும் திறக்கும். பாருங்க. ஆபரேஷன்னு சொன்னா உங்க உடையே போட்டுக்கட்டும், அதுக்கு மறுப்பே இல்ல. அதுவரைக்கும் இது இருக்கட்டும். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டோம்.”

செவிலி துணியைத் தொட்டுப் பார்த்தார். தோள் பட்டனைத் திறந்து மூடிப் பார்த்தார். “இது யார் தச்சது?” என்று கேட்டார். “இருக்கட்டும்மா” என்று சொல்லிக் கவுனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சில வாக்கியங்களில் முடிந்துவிட்டது. 1998-லும் 2005-லும் இந்தச் சில வாக்கியங்களைச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. சொல்லலாம் என்பதே தெரியவும் இல்லை.

உடனிருக்க ஒருவருக்கு இடம் கிடைத்தது. மூத்தவள் உள்ளே போனாள். பதினோரு மணி நேரம். பகல் ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை. பிறந்ததும் தாயின் உடல் வெடவெடவென்று நடுங்கியதாம். பலருக்கும் இயல்பாக வரும் நடுக்கம் அது; மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. மூத்தவள் ஒட்டுப்போட்ட போர்வையை எடுத்துக் குழந்தையோடு சேர்த்து மூடினாள். ஸ்டிரெச்சர் வெளியே வந்தபோது அந்தப் போர்வையின் இரண்டு ஓரங்களையும் தன் இரு கைகளாலும் பிடித்தபடியே கூட நடந்து வந்தாள். பருத்தி வழுக்காது, பிடித்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் அறை வந்து சேரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. தாழ்வாரத்தில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் தொட்டில் கட்டினோம். எல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தபின், பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டோம்: “அந்த உடை வசதியா இருந்துச்சா?”

அவள் எங்களை நிமிர்ந்து பார்த்துச் சற்று யோசித்தாள்.

“எது சித்தி? அன்னைக்கு நான் எதைப் போட்டிருந்தேன்? அந்த வெங்காயத் தோல் கலரா?”

அது பையிலிருந்து எடுக்கப்படவே இல்லை. மூத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொட்டிலில் தொங்கிய கருநீலத் துணியைச் சரிசெய்யப் போனாள். தன் 1998-ஆம் ஆண்டுச் சேலையின் கரை இலைப்பச்சை என்பதை அவள் இன்னும் மறக்கவில்லை.